முன்பணத்திற்கு முன் பத்திரம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வேக் குவார்ட்டர்ஸில் வாழும் நம் அனைவருக்கும் ஒரு கவலை பொதுவானது. ஓய்வு பெற்ற சில திங்களில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஆகவே நாற்பது வயது கடந்ததும் கலியாண், டோம்பிவிலிப் பக்கம் சிறு பிளாட் ஒன்று கிட்டாதா என்று தேடுகிறோம். யாமும் தேடினோம். அதில் பட்ட அடியைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

தரகர் தமிழ் பேசினார். அந்த ஒன்றே எமக்குப் போதுமாயிற்று! ஊரில் கால் காணி வாங்கினாலும் வில்லங்கச் சான்று கேட்கும் யாம், இங்கு ஒரு காகிதமும் கேளாது 50,000 ரூபாயை முன்பணமாக நீட்டி, வெள்ளைத்தாளில் ரசீது பெற்றோம். மூலப்பத்திரங்கள் யாவும் வங்கியில் அடமானம் என்பது பிறகே தெரிந்தது. 14 மாதம் நடையாய் நடந்து பாதியை மீட்டோம். மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணம் அது.

பழைய பிளாட் வாங்குவோர், கூட்டுறவு வீட்டுச் சங்கம் தந்த பங்குப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் காண வேண்டும், நகல் போதாது. “வங்கியில் இருக்கிறது” என்றால், கடன் பாக்கி எவ்வளவு என்று வங்கியின் கடிதத்தையே கேளுங்கள். அத்தொகையை விற்பவர் கையில் தராமல் கடன் கணக்கில் நேரே செலுத்துங்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்று வீட்டுச் சங்கத்தின் கடிதமும் வேண்டும். பதிவான கிரயத்திற்கு இங்கே ‘இன்டெக்ஸ் டூ’ என்னும் சுருக்கப் பதிவு உண்டு. வழக்கறிஞரைக் கொண்டு 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடச் செய்தல் நன்று. அடமானச் சொத்தை மீட்க 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு தருகிறதல்லவா? பத்திரம் மராட்டியில் இருப்பின், பள்ளியில் அம்மொழி பயிலும் நம் பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டா.

புதுக் கட்டடமாயின், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 சதவிகிதத்திற்கு மேல் கேட்கக் கூடாது. விலையையும் கார்ப்பெட் ஏரியாவைக் கொண்டே கணக்கிடுங்கள்.

இங்கு வாங்க, ஊரிலுள்ள பூர்விக வீட்டை விற்போரும் உளர். அவர்கள் சகோதரிகளை மறந்துவிடுகின்றனர்! இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை அளித்துள்ளது. தமிழ்நாட்டில் 1989-லேயே இதற்குச் சட்டம் வந்தது. “கலியாணச் செலவு செய்துவிட்டோமே” என்னும் வாதம் வழக்குமன்றத்தில் நில்லாது. கையொப்பத்தை முதலிலேயே பெறுவது உறவுக்கும் நல்லது.

யாம் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். வரும் ஞாயிறன்று பத்லாப்பூரில் ஒரு பிளாட் பார்க்கப் போகிறோம். இம்முறை எம் இல்லத்தரசியும் வருகிறார். பங்குப் பத்திரத்தைக் காணாமல் அவர்கள் வீட்டுத் தேநீரைக்கூடத் தொடக் கூடாது என்று இப்போதே உத்தரவு பிறந்துவிட்டது.