எண்ணப்படாத தலைக்கு மருந்து வராது
(லிங்கி வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது பெரட்டுக்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். உடல்நலத்துக்கும் அதுவே சட்டம் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

நம் முன்னோர் கதையைப் பாருங்கள். 1901-ல் கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சலால் 368 பேர் மாண்டனர். டாக்டர் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க வைத்தியர் சாவுகளை எண்ணினார். சதுப்பு நீரை வடிக்கச் செய்தார். 1902-ல் அந்தச் சாவு 59 ஆகக் குறைந்தது. தோட்டங்களில் நிலைமை என்ன? 1911-ல் நெகிரி செம்பிலானும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில், ஆயிரம் தொழிலாளருக்கு அறுபது பேருக்கு மேல் அந்த ஒரே வருஷத்தில் இறந்தனர். காட்டை அழித்ததும் மலையோடைகளில் வெயில் பட்டது. அந்தத் தெளிந்த நீரில் காய்ச்சல் கொசு பெருகியது. காட்டை அழித்ததும் நம் கை, மாண்டதும் நாமே! சாவுக் கணக்கு அச்சேற ஏற, மூடி மறைக்க இடமில்லாமற் போயிற்று. வடிகாலும், ஓடைக்கு எண்ணெயும், கொயினாவும் தோட்டந்தோட்டமாகப் பரவின.

அடுத்த கதை 1953-ல் தொடங்குகிறது. அந்த வருஷம் அரசாங்கம் கிராமச் சுகாதாரச் சேவையை ஆரம்பித்தது. கம்பங்களில் கிளினிக்குகள் எழுந்தன. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வந்தனர். 1957-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது ஏழுக்கு அருகில். பெருமைக்குரிய கணக்குத்தான். ஆனால் கம்பத்து வாசலுக்கு வந்த சேவை தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம், வைத்தியம் நிர்வாகத்தின் பாடு என்று நெடுங்காலம் ஒதுக்கினார்கள். டிரஸ்ஸரின் அலமாரியே நமக்குச் சுகாதார இலாகா!

இப்போது பணத்துக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கிய தொகை 4,530 கோடி வெள்ளி. நாட்டின் ஜனத்தொகைக்கு வகுத்தால் தலைக்கு 1,300 வெள்ளிக்கு மேல் வரும். அதில் நம் தலையும் ஒன்று. கடையில் வாங்கும் சாமானில் நாமும் வரி கட்டுகிறோம். ஆகவே இது யாரும் போடும் பிச்சையல்ல. பணம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். யாரைச் சேருகிறது என்பது மறுபாதி. அமெரிக்கா தன் வருமானத்தில் நூற்றுக்கு 17-க்கு மேல் வைத்தியத்துக்குச் செலவிடுகிறது. மலேசியா ஏறக்குறைய 5 தான். இருந்தும் அங்கே இரண்டு கோடிப் பேருக்கு மேல் காப்புறுதி இல்லாதவர்கள்.

கொசுவுக்குப் பதில் இன்று நம்மைக் கொல்வது இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய். இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேர்! நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதை அறியாமலே நடமாடினார்கள். அந்த ஆய்வில் நகரம் என்று ஒரு கட்டம் உண்டு. கிராமம் என்று ஒரு கட்டம் உண்டு. தோட்டம் என்ற கட்டம் இல்லை.

நாம் எப்போது அறிகிறோம்? காலில் புண் ஆறாதபோது. பிறகு விரலை எடுக்கிறார்கள். மரம் வெட்ட முடியவில்லை, வேலை போகிறது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகிறது. ஒரு சொட்டு ரத்தத்தை முன்னமே சோதித்திருந்தால் காலும் வீடும் மிஞ்சியிருக்குமே!

2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தில் கணவன் மனைவி இருவரும், 40 வயது நிரம்பியிருந்தால், இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். ஏன் போவதில்லை? ஒரு நாள் போனால் அந்த நாள் சம்பளம் போகிறது. ஆகவே நாம் கேட்பது மூன்று. சோதனைக்கு வருஷத்தில் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும். கிளினிக் வண்டி பெரட்டுக் களத்துக்கே வரவேண்டும். அரசாங்க ஆய்வில் தோட்டத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும்.

இன்னொன்று. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து அடுத்த நிரையில் மரம் வெட்டும் தோழருக்கு, நமக்குள்ள ஒரு வெள்ளிச் சீட்டு இல்லை. அன்று நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார். அவரையும் சேர்த்தே எண்ணச் சொல்லுவோம்.

தோழர்களே, பேனா பிடிக்கும் நாமும் கத்தி பிடிக்கும் நாமும் ஒன்று. பெயர் எழுதும் வேலையைக் கிளை அலுவலகத்தில் கிராணிமார் ஏற்கிறோம். பெயர் கொடுக்கும் வேலை உங்களுடையது. 40 வயது கடந்த ஒருவர்கூட விடுபடக் கூடாது. முதலில் உங்கள் வீட்டுத் தாய்மாரின் பெயரைக் கொடுங்கள்.