காலடி நீரும் நெற்கதிரும்



வரதராசன்பேட்டையைச் சூழ்ந்தது முந்திரி விளையும் செம்மண் மேடு. நிலத்தடி நீர் அங்கே ஆழத்தில் கிடக்கின்றது. தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரிக் கரையின் கீழோ நெல்வயல்கள். இரண்டிற்கும் மழை ஒன்றே. வேறுபாடு காலடியில் இருக்கின்றது.

நெல்வயலிற் கட்டும் நீர் முழுதும் பயிருக்குச் செல்வதில்லை. ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதி கீழே கசியும். சேறடித்த களிமண்ணில் கசிவு நாளொன்றுக்குச் சில மி.மீ. அளவே, மணற்பாங்கில் பன்மடங்கு. 5 மி.மீ. கசிவு சிறிதெனத் தோன்றலாம். ஏக்கருக்கு அது நாள்தோறும் ஏறத்தாழ 20,000 இலிட்டர்! நிலத்தடி நீர் ஒரு முழம் இரு முழத்திற்குள் நின்றாலோ, கசியும் நீர் இறங்க இடமின்றித் தேங்கும். அதுமட்டுமன்று. விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல, மண்ணின் நுண்புழைகள் அந்நீரை வேருக்கு ஏற்றித் தரும். பருமணலில் இவ்வேற்றம் குறைவு. வண்டலிலும் களியிலும் மிகுதி. நெல்லின் வேர்களிற் பெரும்பாலன மேல்முழத்திற்குள்ளேயே படர்வதால், நீர் ஆழத்திற்கு இறங்கிவிட்டால் இவ்வுதவி அற்றுப்போம்.

அயலார் சொன்னாலன்றி நம்பாத படித்தவர்க்கும் சான்றுண்டு. பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல்லாராய்ச்சி நிலையம், துளையிட்ட குழாயை வயலிற் புதைத்து நீர்மட்டம் பார்க்கச் சொல்கின்றது. மேல்மண்ணிற்கு 15 செ.மீ. கீழே நீர் இறங்கும்வரை மறுபாய்ச்சல் வேண்டா; விளைச்சல் குன்றாது. பூக்கும் பருவத்தில் வயலில் நீர் நிற்கவேண்டும்.

இம்மேல்நீரைக் காப்பது ஏரி. பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கமே இன்றைய பொன்னேரி. நீராலான வெற்றித்தூண் என்று அதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்கள் இருந்தன. ஏரியில் நிற்கும் நீர் மதகு வழியே மட்டும் பாய்வதில்லை. அடிவழியே ஊறிக் கீழ்வயல்களையும் கிணறுகளையும் தாங்குகின்றது. ஏரி தூர்ந்தால் ஊற்றுக் குறையும். ஊற்றுக் குறைந்தால் உழவன் ஆழ்துளைக் கிணறு தோண்டுவான். மேலடுக்கும் கீழடுக்கும் தொடர்புற்ற இடங்களில், ஆழத்து நீரை மிகுதியாக இறைக்க மேல்நீரும் இறங்கும். ஆழ்துளையில்லா அடுத்த வயலான் செய்யாத குற்றத்திற்கு வாடுவான்.

ஒவ்வொரு திங்களும் முதல்நாள் ஊர்ப்பொதுக் கிணற்றிற் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, கிணற்றுச் சுவரிற் கோடிட்டு வருக. ஏரியைத் தூர்வாரச் சொல்லி அலுவலர்முன் நிற்கும் நாளில் அக்கோடுகளைக் காட்டலாம். செலவு ஒரு கயிறும் ஒரு சுண்ணாம்புக் கட்டியுமே.