மருந்தும் மனத்துணிவும்

(வெள்ளி விழாவை ஒட்டிக் கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் பட்டம் பெற்றோர் தொகையைப் பற்றியும் பேசுவதே மரபு. அவற்றைப் பேச அறிஞர் பலர் இங்கே இருக்கின்றனர். நமக்குத் தரப்பட்ட நேரத்தை, நம் தெருக்களில் கதவைச் சாத்திக்கொண்டு மட்டுமே பேசப்படும் ஒரு பொருளுக்குச் செலவிட விழைகின்றோம். தமக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டென்று அறிந்த ஒருவர் அதற்கான மருந்தை முதன்முதலாக உட்கொள்ளத் தொடங்கும் நாட்களில் அவர் மனம் படும் பாடும், அந்நாட்களில் நாம் அவரை நடத்தும் விதமுமே அப்பொருள். இதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பேச்சின் முடிவில் அத்தொடர்பு தானே விளங்கும்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில்தான். 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலா அவர்களும் அதனைக் கண்டறிந்தனர். இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அந்நாளில் இந்நோய்க்கு மருந்து இல்லை; அச்சம் மட்டுமே இருந்தது. 1996-ஐ ஒட்டி மேலைநாடுகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆனால் ஓராண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் நம் நாட்டுச் சிப்லா நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக அம்மருந்தைத் தர முன்வந்த பிறகே ஏழை நாடுகளுக்கு வழி பிறந்தது. 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்திய அரசு விலையின்றி மருந்து வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. நம் பகுதியிலிருந்து இரவு வண்டி ஏறித் தாம்பரம் சென்று வந்தவர்கள் உண்டு. அவர்களுள் பலர் 'காசநோய்க்குப் போகிறேன்' என்றே வீட்டில் சொல்லிச் சென்றனர்.

2017 முதல் தொற்று உறுதியான அனைவருக்கும் காத்திருப்பின்றி மருந்து தொடங்கப்படுகிறது. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்னும் மூன்று மருந்துகள் அந்த ஒன்றில் அடங்கியுள்ளன. அது நோய்க்கிருமியை உடலிலிருந்து முற்றாக அகற்றுவதில்லை. ஆனால் பெருகவிடாமல் தடுக்கிறது. தவறாது உட்கொண்டால், இரத்தத்தில் கிருமியின் அளவு சில மாதங்களில் கருவியே காணமுடியாத நிலைக்குக் குறைகிறது. அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது அறிவியல் உறுதி செய்த உண்மை. மருத்துவம் இல்லாதபோது தாயிடமிருந்து சேய்க்குப் பரவும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை. மருத்துவத்தால் அதனை ஐந்துக்கும் கீழே கொண்டுவர இயலும்.

மருந்து உண்டு, விலையும் இல்லை, ஒரு மிடறு நீரில் முடியும் வேலை. பின் ஏன் சிலர் அந்தப் புட்டியைத் திறக்காமலே வைத்திருக்கின்றனர்?

நாம் அறிந்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் ஊரையும் தொழிலையும் சொல்லமாட்டோம். அவை அவருடைய செய்திகள். ஒரு தாளை நீட்டி, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்கள் ஒருமுறை படித்துச் சொல்லுங்கள்" என்றார். படித்துச் சொன்னோம். பிறகு பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்தார். வாங்கி ஒன்பது நாட்கள் ஆகியும் திறக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். மாத்திரைகள் குலுங்கும் ஓசை கேட்காதிருக்கப் புட்டியைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருந்ததாகச் சொன்னார். "முதல் மாத்திரையைப் போட்டுவிட்டால் நோய் உண்மையாகிவிடும் ஐயா, போடாத வரையில் அந்தத் தாள் பொய்யாக இருக்கலாம் அல்லவா" என்றார்.

அந்த ஒன்பது நாட்களில் அவர் நினைத்தவை யாவற்றையும் அன்று கேட்டோம். மனைவியிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கும் சோதனை செய்யவேண்டுமே! மையத்தில் ஊரார் எவரேனும் கண்டால் என்ன சொல்வது? யாரும் அறியாத வேறு மாவட்டத்திற்குப் போகலாமென்றால் பேருந்துச் செலவோடு ஒருநாள் கூலியும் போகும். காப்புக் கட்டி விரதம் இருக்கும் நாட்களில் என்ன செய்வது? ஆயுள் முழுதும் மருந்தா? 'செய்த பாவத்திற்குக் கூலி' என்று தெரு சொல்லுமே! இத்தனை கேள்விகளில் மருத்துவம் பற்றியது ஒன்றிரண்டே. மற்றவை யாவும் மனிதரைப் பற்றியவை. அவரை வாட்டியது கிருமியைக் காட்டிலும் நம் வாய்ச்சொல் அன்றோ?

அன்று நம் துணைவியார் அவருக்குத் தேநீர் கொடுத்தார். அவர் குடித்து முடித்து விடைபெற்றார். வாசலில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் குவளையை மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனியே எடுத்துப் புழக்கடைத் திண்ணையில் வைத்தது நம் கை. இளங்கலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்ற கை. இத்தொற்று உணவாலும் நீராலும் பாத்திரத்தாலும் பரவாது என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திய கை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் தந்தையார் தேநீர்க் கடைக்கு வெளியே நின்று கொட்டாங்கச்சியில் தேநீர் குடித்தவர். பிற்காலத்தில் கடை மூங்கிலில் செருகி வைத்திருந்த தனிக்குவளையைத் தாமே கழுவி வைத்தவர். அவர் மகனாகிய நாம், நம் வீட்டிலேயே இரண்டாம் குவளையை ஏற்படுத்திவிட்டோம். 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியது எதற்காக என்று ஆண்டுதோறும் விழா மேடைகளில் பேசி வந்திருக்கிறோம். பேசிய வாய்க்குக் கை கீழ்ப்படியவில்லை. மறுநாள் காலை அந்தக் குவளையைக் கழுவி, அதிலேயே தேநீர் குடித்தோம். அது பெரிய செயலன்று. செய்த தவற்றுக்கு ஒரு சிறு திருத்தம்.

அன்பர்களே! மருந்து தொடங்கும் முதல் மாதத்தில் ஒரு நல்ல சொல் கிடைப்பதும் கிடைக்காததும் உயிர்ப்பிரச்சினை என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில், கருவுற்ற பெண் ஒருவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. இரத்தம் கொடுத்த இளைஞர் தமக்குத் தொற்று இருப்பதை அறியாதவர். வேறொரு சோதனையில் அறிந்தவுடன் தாமே முன்வந்து தெரிவித்த நேர்மையாளர். அவர் மறைத்திருந்தால் அந்தத் தாய்க்கு நேர்ந்தது உடனே வெளிப்பட்டிராது. ஆயினும் அந்த மாதம் முடிவதற்குள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பெண்ணுக்கோ உடனே மருந்து தொடங்கப்பட்டது. அடுத்த மாதம் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லையெனப் பின்னர்ச் சோதனைகள் தெரிவித்தன. தொற்று ஒன்றே, அன்று இருந்த மருந்தும் ஒன்றே. குற்றவுணர்வில் அமிழ்ந்த ஓர் இளைஞரைத் தாங்கிப் பிடிக்கும் சொல் போதிய அளவு சென்று சேரவில்லை என்பதே நம் துயரம்.

ஆதலின், மருந்து தொடங்குவோர்க்கும் அவர் வீட்டார்க்கும் சில சொல்வோம். இவை மருத்துவர் அறிவுரைக்கு மாற்றல்ல. ஓர் ஆசிரியர் கேட்டறிந்தவை.

முதலாவது, நம்பத்தக்க ஒருவரிடமேனும் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் போதும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் சொல்லுங்கள். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் பெயர் சொல்லாமலும் பேசலாம். இரண்டாவது, அறிந்த அந்த மாதத்தில் வாழ்வின் பெரிய முடிவு எதனையும் எடுக்காதீர்கள். வேலையை விடுவதோ, ஊரை விடுவதோ, உறவை முறிப்பதோ வேண்டாம். மனம் தெளிய நாளாகும். மூன்றாவது, மாத்திரையை நாள்தோறும் தவறாத ஒரு செயலோடு இணைத்துவிடுங்கள். நம் மாணவர் இரவில் கோழிக் கூண்டை அடைத்தவுடன் உட்கொள்கிறார். இந்த ஒற்றை மாத்திரையை உணவோடும் உணவின்றியும் உட்கொள்ளலாம். ஆகவே விரத நாளில் நிறுத்த வேண்டியதில்லை. முதல் சில வாரங்களில் தலைவலி, குமட்டல், தூக்கக் குறைவு வரலாம். பெரும்பாலும் தாமே நீங்கும். நீங்காவிடில் மையத்தில் சொல்லுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள். விட்டு விட்டு உண்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். 'முற்றிலும் குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்வோரிடம் காசையும் காலத்தையும் இழக்காதீர்கள். நான்காவது, இதே வழியில் முன்னே நடந்தவர்களைத் தேடிப் பேசுங்கள். திருமணத்தின் வழியே தொற்றைப் பெற்ற நாமக்கல் பகுதியின் கௌசல்யா பெரியசாமி, 1998-இல் தம் போன்ற பெண்களைச் சேர்த்துச் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்னும் அமைப்பைத் தொடங்கினார். தம் முகத்தை மறைக்காமல் பேசிய அவர் துணிவால் எத்தனையோ பெண்கள் தலைநிமிர்ந்தனர்.

இங்கே தாய்மார்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கணவனிடமிருந்து தொற்றைப் பெற்ற பெண்ணையே 'இவள் வந்த நேரம்' என்று பழிக்கும் வழக்கம் நம் தெருவிலும் உண்டு. நம் மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் கூடுமிடத்தில் விழிப்புணர்வுப் பேச்சைக் கேட்டுவிட்டு, 'இது அவர்களுக்கு உரியது' என்று நாம் வீடு திரும்புகிறோம். மலையிலிருந்து கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் குடும்பத்தாருக்கும் அப்பேச்சு எட்டுவதில்லை. பிறருடைய நோய் என்று ஒரு நோய் இல்லை.

சட்டமும் துணை நிற்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. இசைவின்றிச் சோதிப்பதையும், ஒருவர் நிலையை வெளியிடுவதையும் அது தடுக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குடும்ப வீட்டில் வாழும் உரிமை உண்டு. எந்தத் தலைமையாசிரியரும் இக்காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கமுடியாது. ஆனால் சட்டம் நம் வீட்டு அடுப்பங்கரைக்குள் வந்து குவளைகளை எண்ணுவதில்லை. அதனை நாமே எண்ணவேண்டும். கல்வியின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஆதலின் வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். மாலை வகுப்புகளில் இந்நோய் பற்றிய பாடத்தை ஆண்டுக்கு இருமுறையேனும் நடத்துவோம். மருத்துவமனைக்குச் செல்வோர்க்குப் பேருந்துச் செலவு தரச் சிறு நிதி ஒதுக்குவோம். எந்த நோய் என்று கேளாமல் தருவோம். இத்தகைய வீடுகளில் நல்லது கெட்டது எதுவாயினும் நாம் சென்று அமர்ந்து உண்போம்.

இவ்வுரைக்காக அந்த மாணவரிடம் இசைவு கேட்டோம். குவளைச் செய்தியையும் அன்றுதான் அவரிடம் ஒப்புக்கொண்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "வாசலில் செருப்பு மாட்டும்போதே பார்த்துவிட்டேன் ஐயா. ஆனாலும் அன்றிரவே முதல் மாத்திரையைப் போட்டேன். நீங்கள் தாளைப் படித்துச் சொன்னபோது உங்கள் குரல் மாறவில்லை. குவளையைப் பற்றியும் மேடையில் சொல்லுங்கள்" என்றார். ஆறாம் மாதச் சோதனையில் அவர் இரத்தத்தில் கிருமி காணமுடியாத அளவுக்குக் குறைந்தது. இன்று நலமாக உழைக்கிறார். இந்த அவையில் இருக்கிறாரா என்று யாரும் தேட வேண்டாம். இருந்தால், பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர் அவராகவும் இருக்கலாம், அவ்வளவே.