தூசியான வீரர்கள்: அஹ்ரிமான் யாரைக் காப்பாற்றினான்?

2024-ல் வந்த ஸ்பேஸ் மெரீன் 2 விளையாடியவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். டிரானிட் கூட்டத்தை வெட்டி வெட்டி கை ஓய்ந்த நேரத்தில் எதிரில் வேறு ஒரு கூட்டம் வரும். நீலக் கவசம், தங்க விளிம்பு, தலையில் பழைய எகிப்து அரசர்கள் மாதிரி உயரமான அலங்காரம். ஓட மாட்டார்கள், பதற மாட்டார்கள், ஒரே வேகத்தில் நடந்துகொண்டே சுடுவார்கள். கவசத்தை உடைத்தால் உள்ளே ஆளே கிடையாது. தூசிதான் இருக்கும்.

முதல் தடவை நான் அதை ஒரு டிசைன் ஐடியா என்று நினைத்து, "செமையா இருக்கே" என்று கடந்து போய்விட்டேன். பிறகுதான் அந்தத் தூசியின் கதையைப் படித்தேன். கேயாஸ் பற்றிப் பேசணும் என்றால் அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சரி.

புதுசாகக் கேட்பவர்களுக்கு ரெண்டே நிமிஷம். வார்ஹாமர் 40,000 என்பது 1987-ல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட டேபிள்டாப் விளையாட்டு. சின்னச் சின்ன பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்து, மேஜை மேல் போர் நடத்துவார்கள். அதைச் சுற்றி இன்று நூற்றுக்கணக்கான நாவல்கள் இருக்கின்றன. அந்த உலகத்தில் விண்கலங்கள் நெடுந்தூரம் போக வார்ப் என்ற இன்னொரு வெளிக்குள் நுழைந்து போகும். உயிர்கள் படுகிற கோபம், பயம், ஆசை எல்லாம் அங்கேதான் போய்த் தேங்குகிறது. தேங்கித் தேங்கி அதற்கே உயிர் வந்து, நாலு பெரிய தெய்வங்கள் ஆகிவிட்டன: கோர்ன், நர்கில், ஸீன்ச், ஸ்லானேஷ். இவர்களும், இவர்களுடைய பேய்களும், இவர்களைக் கும்பிடும் மனிதர்களும் சேர்ந்ததுதான் கேயாஸ். எட்டு அம்புகள் நாலாபக்கமும் பாயும் அந்தச் சின்னம் மைக்கேல் மூர்காக்கின் ஃபேன்டஸி கதைகளிலிருந்து வந்தது.

நிறைய பேர் கேயாஸ் என்றால் "கெட்டவங்க டீம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். அதில்தான் எனக்குச் சண்டை. கோர்ன் ரத்தவெறியில் வளர்கிறவன், சரி. ஆனால் போர்வீரனின் வீரமும் மானமும்கூட அவனுக்குத் தீனிதான். ஸீன்ச்சுக்குச் சூழ்ச்சி பிடிக்கும். அதைவிட "நாளைக்கு நிலைமை மாறும்" என்ற நம்பிக்கை பிடிக்கும். அதாவது, இந்தத் தெய்வங்கள் உள்ளே வர நீங்கள் கெட்டவனாக இருக்கவே தேவையில்லை.

மேக்னஸைப் பாருங்க. பேரரசர் உருவாக்கிய பிரைமார்க் மகன்களில் ஒருவன், ஒற்றைக் கண்ணன், மனசக்தியில் அப்பாவுக்கு அடுத்த இடம். அவனுடைய படையணியின் பெயர் தவுசண்ட் சன்ஸ். அந்த வீரர்களுக்கு ஒரு சாபம் இருந்தது: திடீரென்று உடம்பு உருக்குலைந்து, கைகால் எங்கெங்கோ முளைத்து, மனிதனே இல்லாமல் போய்விடுவார்கள். பிள்ளைகள் கண்ணெதிரே அப்படிப் போவதைப் பார்த்து, மேக்னஸ் வார்ப்புக்குள் போய் ஏதோ ஒன்றிடம் பேரம் பேசினான். சாபம் நின்றது. யாரிடம் பேசினோம் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. தானே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். பிள்ளைகளிடமும் உள்ளதைச் சொல்லவில்லை.

அப்புறம் நிகேயா மாநாடு. படையணிகளில் இனி மனசக்தியைப் பயன்படுத்தக் கூடாது என்று பேரரசர் தடை போட்டார். ஏன் என்று முழுசாக விளக்கவில்லை. அதே சமயம் தன் அரண்மனைக்கு அடியில், வார்ப்பைத் தொடாமலே மனிதர்கள் நட்சத்திரங்களுக்கிடையே பயணம் போக ஒரு ரகசியப் பாதை கட்டிக்கொண்டிருந்தார். அதையும் யாருக்கும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில், அண்ணன் ஹோரஸ் துரோகம் செய்யப்போவது மேக்னஸுக்குத் தெரியவருகிறது. அப்பாவை எச்சரிக்கணும். கப்பல் போய்ச் சேர நாளாகும். தடையை மீறி, மந்திரத்தால் நேரே அரண்மனைக்குள் பாய்ந்தான். அந்த வேகத்தில் ரகசியப் பாதையின் காப்புகள் உடைந்து, பேய்கள் உள்ளே கொட்டத் தொடங்கின. அந்தப் பாதையை இயக்கும் அரியணையில் எதிர்காலத்தில் மேக்னஸைத்தான் உட்காரவைக்க அப்பா நினைத்திருந்தார். ஒரே ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லையா? இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். அவ்வளவு எரிச்சல்.

தண்டனையாக லெமன் ரஸ்ஸின் ஸ்பேஸ் வுல்வ்ஸ் படை ப்ராஸ்பெரோ கிரகத்துக்கு வந்தது. பிடித்துக்கொண்டு வா என்ற உத்தரவை "கொன்றுவிடு" என்று மாற்றியவன் ஹோரஸ். படை வருவது மேக்னஸுக்கு முன்பே தெரியும். என் தப்புக்கு இது சரியான தண்டனை என்று முடிவெடுத்து, சொந்தப் பிள்ளைகளின் தொலைநோக்குக்கே திரை போட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்திருந்தான். தியாகம் என்று அவன் நினைத்தான். செத்தது அவர்கள். நூலகங்கள் நிறைந்த டிஸ்கா நகரம் எரிந்தது. கடைசியில் மனம் தாங்காமல் இறங்கிச் சண்டை போட்டு, தோற்று, மிச்சம் இருந்தவர்களை ஸீன்ச்சின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அங்கே அந்த உடல் சாபம் திரும்பி வந்தது. இப்போதுதான் அஹ்ரிமான் வருகிறான். மேக்னஸின் தலைமை மாணவன். அவனுடைய இரட்டைச் சகோதரன் அந்தச் சாபத்தில்தான் முன்பு செத்துப்போனான். ஆகவே இது அவனுக்கு வெறும் ஆராய்ச்சி கிடையாது. ரகசியமாகச் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ரூப்ரிக் என்ற மாபெரும் மந்திரத்தைப் போட்டான். மந்திரம் பலித்தது. யாருக்கும் இனி உடம்பு உருக்குலையாது. ஏனென்றால் மனசக்தி குறைவாக இருந்தவர்களுக்கு உடம்பே இல்லை. ஒரு நொடியில் தூசியாகி, கவசத்துக்குள்ளேயே அடைபட்டுவிட்டார்கள். மந்திரவாதிகள் மட்டும் தப்பித்து, முன்னைவிட பலசாலி ஆனார்கள்.

அஹ்ரிமானை மேக்னஸ் கொல்லப் போனான், ஸீன்ச் தடுத்தது, நாடுகடத்தினான். இன்றைக்கும், பத்தாயிரம் வருஷம் கழித்தும், அதைத் திருப்பிச் சரிசெய்ய வழி தேடி அஹ்ரிமான் அலைந்துகொண்டிருக்கிறான்.

அஹ்ரிமான் பாவம் என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் அந்தக் கட்சிதான். இப்போது இல்லை. அவன் பாசத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தூசியான அத்தனை பேரில் ஒருவனிடமாவது "இப்படிச் செய்யப்போகிறேன், உனக்குச் சம்மதமா?" என்று கேட்டானா? மேக்னஸ் கேட்கவில்லை, பேரரசர் சொல்லவே இல்லை, இவனும் அதே வழிதான். தாத்தா, அப்பா, பேரன் மாதிரி மூணு தலைமுறையும் "உன் நல்லதுக்குத்தான்" என்றே பேசியது. ஸீன்ச் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

லார்கர் கதை இன்னும் கசப்பு. அவன் அப்பாவைத் தெய்வமாகக் கும்பிட்டவன், அதற்கு ஒரு நூலே எழுதினான். கடவுள் என்று எதுவுமே இல்லை என்பதுதான் பேரரசரின் கொள்கை. அதனால் லார்கர் பக்தியோடு எழுப்பிய மோனார்கியா நகரத்தை அழித்து, அவனுடைய மொத்தப் படையையும் சாம்பலில் மண்டியிட வைத்தார். கும்பிட்டே பழகிய மனசு சும்மா இருக்குமா? வேறு தெய்வம் தேடிப் போனது, கேயாஸ் கிடைத்தது. பிரைமார்க்குகளில் முதலில் தடம் மாறியவன் அவன்தான். இதில் கூத்து என்னவென்றால், அப்பா பாதிப் பிணமாக அரியணையில் உட்கார்ந்த பிறகு, பேரரசு முழுக்க அவரைத் தெய்வமாகக் கும்பிட ஆரம்பித்தது. அந்த மதத்துக்கு விதை, முதல் துரோகி எழுதிய அதே நூல்.

இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. சாதாரண ஆள் ஏன் கேயாஸ் பக்கம் போகிறான்? சூரியனையே பார்க்காமல் ஒரு ஹைவ் நகரத்தின் அடித்தளத்தில் பிறந்து, தொழிற்சாலையில் தேய்ந்து, நோயில் படுத்திருக்கும் ஒருவனை நினைத்துப் பாருங்க. அவனுடைய பேரரசு, டெர்ராவின் கலங்கரை விளக்கம் அணையாமல் இருக்க மனசக்தி உள்ளவர்களைத் தினமும் ஆயிரக்கணக்கில் பலி கொடுக்கிற பேரரசு. அவன் பெயரைக்கூட அது கேட்டதில்லை. அப்போது நர்கில் வருகிறது. பக்தர்கள் அதைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வலி நிற்கும், பயம் போகும், சிரிப்புகூட வரும். உடம்பு அழுகிக்கொண்டேதான் இருக்கும். அந்த நிமிஷத்தில் அவனிடம் போய் "அது பொய்த் தெய்வம்" என்று சொல்ல நமக்கு என்ன அருகதை இருக்கு?

பேரரசை ஹீரோவாகத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஒரு கூட்டம் நிஜ உலகத்திலும் உண்டு. 2021-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பே அறிக்கை விட்டு, அந்தப் பேரரசு ஒரு நையாண்டி, வெறுப்பை எங்கள் மேஜைக்குக் கொண்டுவராதீர்கள் என்று சொல்லவேண்டி வந்தது.

படிக்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு: கிரஹாம் மெக்நீல் எழுதிய ‘எ தவுசண்ட் சன்ஸ்’. 2010-ல் வந்தது, மேக்னஸ் கதை முழுசும் அதில் இருக்கு. லார்கருக்கு ஏரன் டெம்ப்ஸ்கி-போடன் எழுதிய ‘தி ஃபர்ஸ்ட் ஹெரெட்டிக்’. ஸ்லானேஷைப் பற்றி இன்றைக்குப் பேசவே முடியவில்லை. ஒரு இனமே சேர்ந்து ஒரு தெய்வத்தைப் பெற்றெடுத்த கதை அது, தனி எபிசோட் வேணும். அடுத்த வாரம் பார்ப்போம்.