ஏ.சி. மாட்டும் செலவு

கடையில் பேசிய ஏ.சி. விலை ஒன்று, சுவரில் மாட்டி முடிக்கும்போது ஆகும் செலவு வேறு.

ஸ்பிளிட் ஏ.சி.க்கு உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. இரண்டையும் இணைப்பது செம்புக் குழாய். பல கம்பெனிகள் ஏறக்குறைய 3 மீட்டர் குழாய்தான் தருகின்றன. படுக்கையறை கீழ்த்தளத்தில், வெளிப்பெட்டி மொட்டைமாடியில் என்றால் அது எட்டுமா? எட்டாது. கூடுதல் குழாய்க்குத் தனிக் காசு. செம்பு விலை சும்மாவா!

வெளிப்பெட்டிக்கு ஸ்டாண்டு, தண்ணீர் வடிய குழாய், அவையும் பெரும்பாலும் தனிக் கணக்கு.

பழைய வீடு என்றால் வயரிங்தான் முக்கியம். மிக்ஸி மாட்டும் சாதாரண பிளக் ஏ.சி.க்குத் தாங்காது, சூடேறி உருகிவிடும். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

வாங்கப் போகுமுன் இரண்டு பெட்டிக்கும் இடம் குறித்து, டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். குழாய் மீட்டர் என்ன விலை என்று கடையிலேயே கேளுங்கள்.