முகவரி தேடும் அச்சுப்பொறி



இன்று நான் பேசப் புகும் பொருள் மிகச் சிறியது. வீட்டு மேசைமீது இருக்கும் அச்சுப்பொறி, கம்பியில்லா இணைப்பாகிய வைஃபையோடு சேர மறுத்தால் நாம் செய்யத்தக்கது யாது என்பதே அது. இதற்கும் ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். நகரத்தில் வாழ்வோர்க்கு வேண்டியதில்லை. வீட்டு இயந்திரம் அடம்பிடித்தால், அவர்கள் தெருமுனைக் கடைக்கு நடந்து சென்று அச்சிட்டுக்கொண்டு கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவர். ஹட்டனுக்கு அப்பால், தேயிலை மலைகளின் நடுவே வாழும் ஒரு குடும்பத்துக்கு நிலை அவ்வாறன்று. ஒரு தாள் அச்சிட நகரத்துக்குப் போகவேண்டுமாயின், மலையிறங்கி, பேருந்துக்குக் காத்திருந்து, போய் வருவதற்குள் பகல் கழிந்துவிடும். அன்றைய நாட்பேரும் போய்விடும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. உயர்கல்விக்குரிய விண்ணப்பம் ஒன்றை அவள் அச்சிட்டு, கையொப்பமிட்டு, மறுநாளே பதிவுத் தபாலில் சேர்க்கவேண்டியிருந்தது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பழைய மடிக்கணினி ஒன்றையும் அச்சுப்பொறி ஒன்றையும் வாங்கி அனுப்பியிருந்தான். காம்பராவின் சன்னலோரத்தில் ஒரு ரவுட்டரும் இருந்தது. இரண்டு வாரங்களாக எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. அன்று பிற்பகல் மழையோடு மின்சாரம் நின்று, ஒரு மணி நேரத்தின்பின் வந்தது. அதன்பின் அச்சுப்பொறி அசைய மறுத்தது. "ஓஃப்லைன்" என்று மட்டும் கணினி சொல்லிக்கொண்டிருந்தது.

"சேர், கைத்தொலைபேசியில் படம் ஓடுகிறது. இன்டர்நெட் இருக்கிறது. இதற்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்றாள் மாணவி. "பழைய மெசினை வாங்கி ஏமாந்துபோனோம் சேர்," என்றார் இஸ்தோப்பில் அமர்ந்திருந்த தாயார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த களைப்பு அவர் குரலில் இருந்தது. மறுநாள் மலைக்குப் போவதா, மகளோடு ஹட்டனுக்குப் போவதா என்பது அவருடைய கவலை.

மலையகத்தில் காகிதத்துக்கு ஒரு தனிக் கனம் உண்டு என்பதை நேயர்கள் அறிவீர்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட நம் முன்னோர், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கோரியபோது, இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை ஆவணங்களால் மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கோரினர். பெற்றவரோ ஏறக்குறைய 1,34,000 பேரே. எஞ்சியோரின் சிக்கல் 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் கடந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. ஒரு தாள் கையில் இல்லாமையால் என்ன நேரும் என்பதை எந்தத் தோட்டத்துப் பாட்டியும் பேரப்பிள்ளைக்குச் சொல்வார். ஆகவே, உரிய நாளில் ஒரு தாள் வெளிவருமா என்னும் கேள்வியை அற்பமென்று நான் தள்ளிவிடவில்லை.

இனி, முறையாக ஆராய்வோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றவேண்டும். வைஃபை வேறு, இணையம் வேறு. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், பிள்ளைகள் பாடம் கேட்பதற்காகச் சிக்னல் தேடிக் குன்றேறினார்கள். அன்றிலிருந்து, சிக்னல் இருந்தால் எல்லாம் நடக்கும், இல்லையேல் ஒன்றும் நடவாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உண்மையில் இங்கே இரண்டு பாதைகள் உள்ளன. தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து ரவுட்டர் வரை வருவது ஒரு பாதை. ரவுட்டரிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்குச் செல்வது மற்றொரு பாதை. கணினியில் ஏற்கெனவே இறக்கிவைத்த விண்ணப்பத்தை அச்சிடுவதற்கு இரண்டாவது பாதை மட்டுமே போதும். கோபுரத்துச் சிக்னல் அறவே இல்லாத வேளையிலும், வீட்டுக்குள் ரவுட்டர் இயங்கினால் பெரும்பாலான அச்சுப்பொறிகள் அச்சிடும். ஆகவே, இயந்திரம் மறுக்கும்போது, குன்றின்மேல் ஏறவேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேதான் தேடவேண்டும்.

தேடுவதற்கு ஐந்து கேள்விகள் போதும். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவேண்டும். எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்ப்பவர், பிழை நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என்று அறியார். மறுமுறை மீண்டும் தடுமாறுவார்.

முதற் கேள்வி: அச்சுப்பொறி ரவுட்டரோடு சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலான இயந்திரங்களில் வைஃபைக்கென ஒரு சிறு விளக்கு உண்டு. அது சிமிட்டிக்கொண்டிருந்தால் இன்னும் தேடுகிறது என்பது பொருள். நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. விளக்கை மட்டும் நம்பவேண்டாம். ஏறக்குறைய எல்லா அச்சுப்பொறிகளும் தம் இணைப்பு நிலையைக் கூறும் ஒரு தாளைத் தாமே அச்சிட்டுத் தரும். எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அத்தாளில் இரண்டு செய்திகளைப் பாருங்கள். ஒன்று, எந்த வைஃபைப் பெயரோடு சேர்ந்திருக்கிறது என்பது. மற்றொன்று, ஐ.பி. முகவரி என்னும் எண். அதைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாம் கேள்வி: அலைவரிசை பொருந்துகிறதா? வானொலி நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. இந்நாட்டில் 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அன்றுமுதல் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகளில் மத்திய அலை, சிற்றலை என்று பிரிவுகள் இருந்தமை நினைவிருக்கும். சிற்றலை இல்லாத பெட்டியில், முள்ளை எவ்வளவு திருப்பினாலும் 31 மீற்றர் நிலையம் கேளாது. பெட்டி பழுதானதன்று, அந்த அலையைக் கேட்கும் காது அதற்கு இல்லை. வைஃபையிலும் அவ்வாறே, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் பெருவழக்காக உள்ளன. விலை குறைந்த அச்சுப்பொறிகள் பல, முதலாவதை மட்டுமே கேட்கும். ரவுட்டரில் 5 மட்டும் இயங்கினால், அச்சுப்பொறியின் பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே தோன்றாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 ஐ இயக்கிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து குழப்பம் விளைந்தால், வெவ்வேறு பெயர் இடுங்கள்.

இந்த 2.4 நமக்கு வேறொரு வகையிலும் நன்மை தருவது. அதன் அலை ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் நீளமுடையது. மற்றையதன் அலை அதில் பாதியளவே. நீண்ட அலை சுவர்களை ஊடுருவுவதில் வல்லது. பழைய லயங்களின் தடித்த சுவர்களும், மழைக்காலத்து ஈரமும், தகரத் தடுப்புகளும் இவ்வலைகளுக்குப் பெருந்தடை. அச்சுப்பொறி அடுத்த காம்பராவில் இருந்தால், முதல்முறை இணைக்கும்போதாவது ரவுட்டருக்கு அருகே கொண்டுவந்து வையுங்கள்.

மூன்றாம் கேள்வி: கடவுச்சொல் சரியா? ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறு. ரவுட்டரை மாற்றியவர்களும், கடவுச்சொல்லை மாற்றியவர்களும் அச்சுப்பொறிக்குப் புதியதைச் சொல்ல மறந்துவிடுவதுண்டு. இன்னொரு நுட்பமும் உண்டு. புதிய ரவுட்டர்களில் டபிள்யு.பி.ஏ.3 என்னும் காவல்முறை இருக்கும். பழைய அச்சுப்பொறிகளுக்கு அது தெரியாது. டபிள்யு.பி.ஏ.2 உம் கலந்த முறையைத் தெரிவுசெய்தால் இரண்டும் ஒத்துப்போகும். காவலை அறவே நீக்கிவிடுவது மட்டும் ஆகாது.

நான்காம் கேள்வி: கணினியும் அச்சுப்பொறியும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா? கணினி கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டிலும், அச்சுப்பொறி ரவுட்டரிலும் இருந்தால், ஒன்றையொன்று காணா. விருந்தினருக்கென ரவுட்டர் தரும் தனி வலையமைப்பும் அத்தகையதே. அதில் சேர்ந்த கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி பெரும்பாலும் பிரிக்கப்பட்டிருக்கும்.

ஐந்தாம் கேள்வியே அன்று அந்த வீட்டில் எங்களுக்குத் திறவுகோலாயிற்று: முகவரி என்ன?

முகவரி இல்லாத துன்பத்தை மலையகத்தாருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நெடுங்காலமாகப் பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே கிடக்கும், உரியவர் கைக்கு வருமுன் நேர்முகப் பரீட்சை நாள் கழிந்துபோனதும் உண்டு. ஆள் இருக்கிறார், வீடு இருக்கிறது. ஆயினும் கடிதம் சேரவில்லை. அச்சுப்பொறியின் கதையும் இதுவே. ரவுட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்குகிறது. அது நிலையானதன்று. மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது, முன்பு ஒரு கருவிக்கு இருந்த எண் வேறொன்றுக்குப் போகலாம். கணினியோ பழைய முகவரிக்கே கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கும். பதில் வராதபோது "ஓஃப்லைன்" என்று அறிவித்துவிடும்.

அன்று நாங்கள் நிலைத்தாளை அச்சிட்டுப் பார்த்தோம். அச்சுப்பொறியின் முகவரி 192.168.1.7 என்றிருந்தது. கணினியோ அதை 192.168.1.4 இல் தேடிக்கொண்டிருந்தது. நான்கு என்னும் எண் அப்போது கைத்தொலைபேசிக்குப் போயிருந்தது. இயந்திரம் பழுதில்லை, இணைப்பும் பழுதில்லை; வீட்டு இலக்கம் மட்டுமே மாறியிருந்தது. கணினியில் பழைய அச்சுப்பொறிப் பதிவை நீக்கி, தேங்கிக்கிடந்த வேலைகளையும் அழித்து, புதிதாகச் சேர்த்தோம். சில நொடிகளில் உருளைகள் சுழலும் ஓசை கேட்டது. விண்ணப்பம் வெளிவந்தது. தாயார் எழுந்து வந்து தாளைக் கையில் வாங்கி, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். மறுநாள் அவர் வழக்கம்போல் மலைக்குச் சென்றார். மகள் தபாற்கந்தோருக்குச் சென்றாள்.

இத்துன்பம் மீண்டும் வாராதிருக்க வழி உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அச்சுப்பொறிக்கென ஒரு முகவரியை ஒதுக்கி நிலைப்படுத்தலாம். ஒருமுறை செய்தால் போதும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடங்களில் மற்றுமொரு பழக்கம் நன்று. மின்சாரம் வந்ததும், முதலில் ரவுட்டரை மட்டும் இயக்கி இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். அதன்பின் அச்சுப்பொறி, இறுதியில் கணினி. எல்லாம் ஒன்றாக எழுந்தால், ரவுட்டர் விழிக்குமுன் அச்சுப்பொறி முகவரி கேட்டு, கிடையாமல், தானே ஒன்றை இட்டுக்கொள்ளும். நிலைத்தாளில் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், நிகழ்ந்தது இதுவே என்று அறிக. அணைத்து இயக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரவுட்டர் இல்லாத வீடுகளும் பல. அவர்கள் மனந்தளர வேண்டாம். கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை 2.4 இல் இயக்கி, கணினியையும் அச்சுப்பொறியையும் அதிலேயே சேர்க்கலாம். அல்லது, வைஃபை டைரக்ட் என்னும் வசதி இயந்திரத்தில் இருந்தால், அச்சுப்பொறியே ஒரு சிறு வலையமைப்பை உண்டாக்கும். கைத்தொலைபேசி நேரே அதனோடு சேரலாம். அதற்கு ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். எதுவும் கைகூடாவிடில், பழைய நண்பனாகிய யு.எஸ்.பி. கம்பி இருக்கிறது. ஒரு கம்பியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். இறுதி நாளன்று இரவு பத்து மணிக்கு, அதைவிட நம்பத்தக்க துணை வேறில்லை.

நேயர்களே, நான் கூறியவற்றுள் ஒன்றும் பெரும் விஞ்ஞானமன்று. ஆயினும், இயந்திரம் மறுக்கும்போது நம்மவர் முதலில் தம்மையே குறைகூறிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "எங்களுக்கு இதெல்லாம் விளங்காது சேர்" என்பார்கள். விளங்காதது ஒன்றுமில்லை. கேள்விகளை வரிசையாகக் கேட்கும் பொறுமை இருந்தால் போதும். கொழுந்தின் பதத்தை விரல்நுனியால் அறியும் ஒரு தாய்க்கு அந்தப் பொறுமையைப் பிறர் கற்பிக்கவேண்டியதில்லை.

அந்த மாணவி அன்றிரவே ஐந்து கேள்விகளையும் ஓர் அட்டையில் எழுதி, அச்சுப்பொறிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டாள். இப்போது அந்த லயத்தில் யாருக்கேனும் ஒரு தாள் வேண்டுமானால், அவர்கள் ஹட்டனுக்குப் போவதில்லை. அந்தக் காம்பராவின் கதவைத் தட்டுகிறார்கள். உங்கள் லயத்திலும் இவற்றை அறிந்தவர் ஒருவர், அடுத்த காம்பராவில் இருப்பவருக்கும் சொல்லிக்கொடுப்பாராக.