புரிந்து தருவதே சம்மதம்

பொருள் வாங்கும் மனிதர் இன்று இரண்டு விதமாக விலை கொடுக்கிறார். ஒன்று பணம், அது ரசீதில் தெரியும். மற்றொன்று தன்னைப் பற்றிய தகவல். அது எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. பில் போடும் இடத்தில் கேட்கும் செல்பேசி எண், செயலியை இறக்கும்போது கேட்கும் தொடர்புப் பட்டியல், கடன் விண்ணப்பத்தோடு போகும் ஆதார் நகல் என எல்லாமே நிறுவனங்களுக்குக் காசாகும் சரக்கு. பணத்தில் ஏமாந்தவரைக் காக்க 1986 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தகவலைக் காக்கும் தனிச் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ் நுகர்வோருக்கு என்ன உரிமை இருக்கிறது, அது எங்கே குறைபடுகிறது என்பது விளங்கும்.

நுகர்வோர் உரிமை இயக்கத்தில் மும்பை முன்னோடி நகரம். 1966இல் ஒன்பது பெண்கள் சேர்ந்து இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தை இங்கே தொடங்கினார்கள். 1975இல் மும்பை கிராஹக் பஞ்சாயத்து பிறந்தது. குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து மாதச் சாமானை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை அது வளர்த்தது. தனியாகப் போனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை, சேர்ந்து போனால் கேள்வி கேட்கலாம் என்ற பாடத்தை அந்த இயக்கங்கள் நடைமுறையில் காட்டின. 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த நாளே தேசிய நுகர்வோர் தினம். இணைய வணிகம் பெருகியபின் அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு, தகவல், தேர்வு, முறையீடு, நிவாரணம், விழிப்புணர்வு என ஆறு உரிமைகளை அது வகுத்திருக்கிறது.

யார் நுகர்வோர் என்பதுதான் அடுத்த கேள்வி. தாராவியில் வீடும் தொழிலும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால் இந்தக் கேள்வி அங்கே மிகவும் முக்கியம். வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் தோல் பை தைக்க மெஷின் வாங்கியவர், விடியற்காலையில் இட்லி அவித்து விற்கக் கிரைண்டர் வாங்கியவர், இவர்களுடைய கதி என்ன? 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1993இல் செய்த திருத்தம் இதற்கு விடை தந்தது. தன் பிழைப்புக்காக, தானே உழைத்துச் சம்பாதிக்க வாங்கும் பொருள் வியாபார நோக்கத்தில் சேராது. 1995இல் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிலையத்துக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை விரித்துரைத்தது. அந்த வழக்கில் வாங்கியவர் பெரிய அளவில் தொழில் செய்ததால் நுகர்வோராக ஏற்கப்படவில்லை. ஆனால் சொந்தப் பிழைப்புக்கு மெஷின் ஓட்டுபவர் ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்ற விளக்கம் அந்தத் தீர்ப்பில்தான் நிலைபெற்றது. தாராவியின் சிறு தொழிலாளிகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய தீர்ப்பு அது.

நியாயமற்ற வணிகம் என்றால் கலப்படமும் எடைக்குறைவும் மட்டும் என்று நினைத்த காலம் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டியலை நீட்டியது. பில் தர மறுப்பது, பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது இரண்டும் அதில் உண்டு. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக வேறொருவருக்குத் தருவதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பில் போட மொபைல் எண் கட்டாயம் என்று கடைகள் வற்புறுத்தக்கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. காசு கொடுத்துப் பொருள் வாங்க எண் எதற்கு? அந்த எண்ணைத் தராததற்காக எந்தக் கடையும் சரக்கை மறுக்கக் கூடாது.

செல்பேசித் திரைக்குள் நடக்கும் வணிகத்தில் ஏமாற்று வேறு உருவம் எடுக்கிறது. வாங்குபவர் கேட்காத காப்பீடோ நன்கொடையோ கூடையில் தானாகச் சேர்ந்திருக்கும். இன்னும் சில நிமிடங்கள்தான் என்று பொய்யான அவசரம் காட்டுவார்கள். சந்தாவில் சேர ஒரு பொத்தான் போதும், விலகப் பத்துப் பக்கம் தாண்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில்தான் முழு விலை தெரியும். இத்தகைய 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று பட்டியலிட்டுத் தடை செய்தது. பெரிய நிறுவனங்களின் நிபந்தனைகளும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2021இல் வாட்ஸப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்காதவருக்கு இடமில்லை என்ற தோரணையில் அறிவித்தது. இந்தியப் போட்டி ஆணையம் அதை ஆராய்ந்து, 2024 நவம்பரில் வாட்ஸப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வேறு வழியே இல்லாதவரிடம் வாங்கும் ஒப்புதலைச் சம்மதம் என்று சொல்ல முடியாது என்பதே அந்த நடவடிக்கையின் சாரம்.

தனியுரிமை வசதி படைத்தவர்களின் கவலை, அன்றாடம் பிழைப்பவர்களுக்கு அது எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி என்பவர் தொடுத்த வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. ஏழைக்குச் சோறு போதும், உரிமை வேண்டாம் என்ற வாதத்தையும் அந்தத் தீர்ப்பு நிராகரித்தது. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்துக்கும் மானம் உண்டு, மறைக்க வேண்டியதும் உண்டு. சொல்லப்போனால் தகவல் கசிவால் அதிகம் நொறுங்குவது அந்தக் குடும்பமே.

கடன் செயலிகள் நடத்திய கொடுமை இதற்குச் சான்று. அவசரத்துக்கு ஐயாயிரம் தேவைப்படும் ஒருவர் விளம்பரத்தைப் பார்த்துச் செயலியை இறக்குகிறார். அது கேமரா, புகைப்படங்கள், தொடர்புப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. ஆங்கிலத்தில் நீளும் நிபந்தனைகளைப் படிக்காமல் சம்மதத்தைத் தட்டுகிறார். கட்டணம் என்ற பெயரில் பிடித்தது போக, கேட்டதைவிடக் குறைவான தொகையே கணக்கில் ஏறுகிறது. ஏழே நாளில் முழுத்தொகையும் கட்டச் சொல்கிறார்கள். ஒருநாள் தவறினால் மிரட்டல் அவருக்கு மட்டும் வருவதில்லை. ஊரில் இருக்கும் மாமாவுக்கும், வேலை கொடுத்த முதலாளிக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் திருடன் என்ற பட்டத்தோடு அவருடைய படம் போகிறது. பெண்களின் படங்களை ஆபாசமாக மாற்றி அனுப்புவதும் நடந்திருக்கிறது. 2022 மே மாதம் மும்பை மலாடில் ஒருவர் இத்தகைய துன்புறுத்தலைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். கந்துவட்டிக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால் தெரு அறியும். செயலியோ கடன்பட்டவர் அறிந்த அத்தனை வாசலிலும் ஒரே நேரத்தில் போய் நிற்கிறது.

இதே மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களில் மட்டும் சுமார் 1,100 கடன் செயலிகளைக் கண்டது. அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை. 2022இல் விதிகள் வந்தன. கடன் செயலி தொடர்புப் பட்டியலையோ புகைப்படங்களையோ அழைப்பு விவரங்களையோ தொடவே கூடாது. கடன்தொகை நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். அபராதமின்றிக் கடனிலிருந்து விலக அவகாசம் தர வேண்டும். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் வந்த உத்தரவு, வட்டியும் கட்டணமும் அடங்கிய விவரத்தாளைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்கிறது. அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும், வாங்குபவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் சேர்க்க முடியாது.

தகவலைக் காக்கும் தனிச் சட்டமான தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். சம்மதம் சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது: மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலையும் கேட்டு, பயனாளர் ஒப்புக்கொண்டாலும், ஆலோசனைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை; ஆகவே பட்டியலுக்குத் தந்த ஒப்புதல் செல்லாது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. வங்கியில் இந்தியும், அலுவலகத்தில் மராத்தியும், செல்பேசியில் ஆங்கிலமும் எதிர்ப்படும் மும்பைத் தமிழருக்கு இது சலுகையன்று, சட்டம் தரும் உரிமை.

தகவல் குவியும் இன்னோர் இடம் தாராவி மறுசீரமைப்பு. அதற்கான கணக்கெடுப்பு 2024 மார்ச் 18 அன்று கமலா ராமன் நகரில் தொடங்கியது. அதானி குழுமமும் மகாராஷ்டிர அரசும் பங்கேற்கும் நிறுவனம் அந்தத் திட்டத்தை நடத்துகிறது. வீடு வீடாக எண் இட்டு, அளந்து, ஆவணங்களைப் பெற்றார்கள். இத்தனை குடும்பங்களின் ஆவணம் ஓரிடத்தில் சேரும்போது சில கேள்விகள் நியாயமானவை. யார் அதைப் பாதுகாக்கிறார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? கொடுத்த நோக்கத்தைத் தவிர வேறு எதற்கும் பயன்படாது என்பதற்கு எழுத்தில் உறுதி உண்டா? ஒரு தாளைக் கொடுக்கும் ஒவ்வொருவரும் இவற்றைக் கேட்கலாம், ஒப்புகைச் சீட்டும் பெறலாம்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய குறை ஒன்று உண்டு. தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இதுவரை வழி செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. மானம் இழந்தவருக்கு ஒரு ரூபாய்கூடத் தராத தண்டனை முழு நீதியாகாது. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும். அதுவரை இழப்பீட்டுக்கு நம்பத்தக்க வழியாக மிஞ்சுவது நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே.

அந்த வழி எளியது. எங்கே வாங்கினாலும், வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தில் அடங்கும், செம்பூர் மும்பை புறநகர் மாவட்டத்தில் அடங்கும். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறு இல்லாமல், மூன்றாவது ஆளின் மோசடியால் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவர் நட்டத்தை ஏற்க வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. ரசீது, செய்தி, ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காமல் வைத்திருப்பதே வழக்கின் பலம்.

சிறிய தொகைக்காகப் புகாரா என்று தயங்க வேண்டாம். 2019இல் சண்டிகரில், பொருளை எடுத்துச் செல்லும் பைக்கு 3 ரூபாய் வாங்கிய பாட்டா கடை 9,000 ரூபாய் தர வேண்டும் என்று மாவட்ட நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. ஒரே அநீதிக்கு ஆளான பலர் சார்பில் ஒருவர் ஆணையத்தின் அனுமதியோடு வழக்குப் போடலாம். பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பும் போடலாம். மும்பைத் தமிழர்களுக்குச் சங்கங்களும் சமாஜங்களும் கோயில் குழுக்களும் குறைவில்லாமல் இருக்கின்றன. விழா நடத்தும் அந்தக் கூட்டுப் பலம், மாதம் ஒருநாள் புகார் எழுத உதவும் மேசையாகவும் அமைய வேண்டும். படித்த இளைஞர் இருவர் அங்கே அமர்ந்தால், ஆங்கில நிபந்தனையைத் தமிழில் படித்துச் சொல்லலாம், செயலியின் அனுமதிகளை நீக்கித் தரலாம், ஆணையத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். அதோடு ஒவ்வொரு வங்கியிடமும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் தமிழில் அறிவிப்பு வேண்டும் என்று அந்தச் சங்கங்களே எழுதிக் கேட்க வேண்டும். புரியாத தாளில் பெற்ற கையெழுத்தையும் படிக்க முடியாத திரையில் பெற்ற ஒப்புதலையும் சம்மதமாக ஏற்பதில்லை என்ற உறுதி ஊர் முழுக்கப் பரவும்போது, நிறுவனங்கள் தாமாகவே முறைக்கு வரும்.